வாருக்கு வழியில்லை, கத்திக்குக் காப்பீடு!

மகாராஷ்டிர ஆட்சியாளர்கள் மேடைதோறும் ஒன்றைச் சொல்லிப் பெருமை கொள்கிறார்கள். மகாத்மா ஜோதிராவ் புலே பெயரிலான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டு, மாநிலத்தின் எல்லாக் குடும்பங்களுக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை விரிவாக்கப்பட்டுவிட்டதாம். இனி ஏழைக்கு மருத்துவம் எட்டாக்கனி அல்லவாம். புலேயின் ஊரான புனேயில் நின்றே இந்தப் பெருமையை உரசிப் பார்ப்போம். உரைகல்லாக ஒரு சிறு மூட்டை எடுத்துக்கொள்வோம்: பச்சிளங் குழந்தையின் இடுப்பு மூட்டு.

தொடை எலும்பின் மேல்முனை பந்து போன்றது. இடுப்பெலும்பில் அது பொருந்தி நிற்கும் இடம் கிண்ணம் போன்றது. பிறந்த குழந்தைக்கு இவை பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கும். பந்து சரியாக உட்கார்ந்திருந்தால் கிண்ணம் ஆழமாக வளரும். கிண்ணம் ஆழமாக வளர்ந்தால் பந்து நிலைக்கும். பந்து விலகியிருந்தாலோ, விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றாலோ, கிண்ணம் மாதத்துக்கு மாதம் தட்டையாகிக்கொண்டே போகும். முன்பு இதனைப் ‘பிறவி இடுப்பு விலகல்’ என்றார்கள். இன்று மருத்துவ உலகம் ‘வளர்ச்சிசார் இடுப்பு மூட்டுப் பிறழ்வு’ என்கிறது. இந்தப் பெயர் மாற்றம் வெறும் சொல் விளையாட்டு அன்று. பிறவி என்றால் விதியின் தலையில் போட்டுவிடலாம். வளர்ச்சியில் நேரும் பிறழ்வு என்றால், அந்த வளர்ச்சிக் காலத்தில் யார் கவனித்தார்கள், யார் கைவிட்டார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டுக்கு மூட்டு முழுமையாக விலகியிருக்கும். ஆழம் குறைந்த கிண்ணத்தோடு பிறப்போர் அதனினும் அதிகம். பெண் குழந்தைகளுக்கு ஆண் குழந்தைகளைவிடப் பல மடங்கு நேர்கிறது. தலைக்குப் பதிலாகப் பிட்டம் முன்னே வந்த குழந்தை, குடும்பத்தில் ஏற்கெனவே இந்தக் குறை உள்ள குழந்தை, தலைப்பிள்ளை ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். மகாராஷ்டிரத்தில் ஆண்டுக்குச் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. ஆயிரத்துக்கு ஒன்று என்ற கீழ்மட்டக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் ஆண்டுதோறும் 1,800 குழந்தைகள், அவர்களுள் பெரும்பாலோர் பெண் குழந்தைகள்.

இந்த நோயின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கிறது. வளைபாதத்தோடு பிறந்த குழந்தையைத் தாய் முதல் நாளே பார்த்துவிடுகிறாள், ஊரே பார்த்துவிடுகிறது. விலகிய இடுப்போ கண்ணுக்குத் தெரியாது, வலிக்காது, குழந்தை அழாது. ஒரு பக்கம் மட்டும் என்றால் தொடை மடிப்பு ஏறுக்குமாறாக இருக்கலாம், ஒரு கால் குட்டையாகத் தெரியலாம், துணி மாற்றும்போது ஒரு தொடை விரிய மறுக்கலாம். இரு பக்கமும் விலகியிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. ஒன்றேகால் வயதிலோ ஒன்றரை வயதிலோ குழந்தை எழுந்து நடக்கும். சாய்ந்து சாய்ந்து நடக்கும். அப்போதுதான் வீடு விழிக்கிறது. நம் நாட்டில் இந்நோயோடு மருத்துவரிடம் வருவோரில் மிகப் பலர் நடக்கத் தொடங்கிய பின்பே வருகிறார்கள் என்று எலும்பு மருத்துவர்கள் பல்லாண்டுகளாக எழுதி வருகிறார்கள்.

கண்டுபிடிப்பதற்கு என்ன வேண்டும்? முதல் வாரங்களில் பயிற்சி பெற்ற இரண்டு கைகள் போதும். இத்தாலியக் குழந்தை மருத்துவர் ஒர்தொலானி 1930களில் வகுத்த பரிசோதனையும், பார்லோ 1962இல் வெளியிட்ட பரிசோதனையும் சில நிமிட வேலை. குழந்தையின் தொடையை மெல்ல விரித்தால், விலகிய பந்து கிண்ணத்துக்குள் நழுவி விழுவதைக் கை உணரும். இரண்டு மூன்று மாதங்கள் கடந்தால் அந்த உணர்வு மறைந்துவிடும். பிறகு தொடை விரிய மறுப்பதே முக்கிய அடையாளம். ஐயமிருந்தால் ஆறாவது வார அளவில் அல்ட்ராசவுண்ட். நான்கு முதல் ஆறு மாதங்களுக்குப் பின் எக்ஸ்ரே. இவற்றில் எதுவும் மாவட்டத் தலைநகரில் இல்லாத அதிசயக் கருவி அன்று.

சிகிச்சையும் அப்படியே. அன்றைய செக்கோஸ்லோவாகியாவைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் அர்னால்ட் பாவ்லிக் ஓர் எளிய வார்ப்பட்டையை உருவாக்கினார். தோளில் இரண்டு வார்கள், மார்பைச் சுற்றி ஒன்று, கால்களைத் தாங்க இரண்டு. துணியும் கொக்கியும்தான் மூலப்பொருள். அவருக்கு முந்தைய மருத்துவம் குழந்தையின் தொடைகளை வலுவில் விரித்து மாவுக்கட்டுக்குள் சிறை வைத்தது. அதனால் பந்துக்கான இரத்த ஓட்டம் நின்று எலும்பே பட்டுப்போவது வழக்கமாக இருந்தது. பாவ்லிக் வேறு விதமாகச் சிந்தித்தார். கால்களை மடித்த நிலையில் தாங்கிப் பிடித்துவிட்டு, குழந்தையை உதைக்க விட்டார். அந்த உதைப்பே பந்தைக் கிண்ணத்துக்குள் கொண்டு சேர்க்கிறது. முதல் ஆறு மாதங்களுக்குள் தொடங்கினால் பெரும்பான்மையான குழந்தைகள் இதனாலேயே குணமடைகிறார்கள். ஏறக்குறைய இரண்டு மூன்று மாதங்கள் அணிய வேண்டும். தொடக்கத்தில் வாரந்தோறும் மருத்துவர் பார்த்து வார்களைத் திருத்த வேண்டும். மூன்று நான்கு வாரங்களில் பந்து உட்காரவில்லை என்றால் கழற்றிவிட்டு வேறு வழி தேட வேண்டும். பிடிவாதமாகத் தொடர்ந்தால் தீங்கு. ஆக, வார் விலை மலிவு. வாரந்தோறும் பார்க்கும் மருத்துவர்தான் உண்மையான மருந்து.

ஆறு மாதம் கடந்தால்? மயக்க மருந்து, மூட்டை இருத்துதல், மார்பிலிருந்து கால்வரை மாதக்கணக்கில் மாவுக்கட்டு. ஒன்றரை வயது கடந்தால் கத்தி. மூட்டைத் திறந்து, இடுப்பெலும்பை வெட்டித் திருப்பி, பல குழந்தைகளுக்குத் தொடை எலும்பையும் வெட்டிச் சுருக்க வேண்டியிருக்கும். எட்டு வயதளவில், விலகிய மூட்டைத் தொடாமல் விட்டுவிடுவதே மேல் என்று மருத்துவர்களே கைவிரிக்கும் நிலைகள் உண்டு. பிறகு முப்பது, நாற்பது வயதில் தேய்ந்த மூட்டு, தீராத வலி, செயற்கை மூட்டு.

இப்போது காப்பீட்டுத் திட்டத்துக்கு வருவோம். அது மருத்துவமனையில் சேர்த்துச் செய்யப்படும் சிகிச்சைகளுக்கானது. எலும்பை வெட்டும் அறுவைக்கு அதில் பணமுண்டு. புறநோயாளியாக வந்து, கைப்பரிசோதனை செய்து, வார் அணிவித்து, வாரந்தோறும் பார்த்து அனுப்பும் மருத்துவம் அதன் வரம்புக்குள் வராது. அதாவது, மூன்று மாதக் குழந்தைக்கு முகம் திருப்பும் அரசு, மூன்று வயதில் அதே குழந்தைக்குக் கத்தியின் செலவை ஏற்க முன்வருகிறது; அந்தப் பணத்தின் கணிசமான பகுதி தனியார் மருத்துவமனைக் கணக்குக்குப் போகிறது. இதனை நிர்வாகக் கவனக்குறைவு என்று சொல்வோர் அப்பாவிகள். நோயைத் தடுப்பதில் லாபமில்லை, முற்றிய நோயில்தான் லாபம் என்ற சந்தையின் கணக்கை அரசின் நிதிநிலை அறிக்கைக்குள் கொண்டுவந்து வைத்ததன் பெயரே காப்பீட்டு மாதிரி. 2025க்குள் பொதுச் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017 தேசியச் சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. 2021-22இல், பெருந்தொற்றின் நெருக்கடிக்கு இடையிலும், அரசின் சொந்தக் கணக்குப்படியே அது 1.84 சதவீதம்தான்.

இந்த மூட்டின் வர்க்க வரலாறு பழையது. 1902இல் சிகாகோவின் இறைச்சித் தொழில் கோடீசுவரர் ஆக்டன் ஆர்மர், தன் சிறு மகளின் விலகிய இடுப்பைச் சரிசெய்ய வியன்னாவிலிருந்து அடால்ஃப் லோரென்ஸ் என்னும் புகழ்பெற்ற மருத்துவரைப் பெரும் பொருட்செலவில் வரவழைத்தார். வந்தவர் ஏழைக் குழந்தைகள் சிலருக்கும் இலவசமாகச் செய்துகாட்டினார், செய்தித்தாள்கள் மெய்சிலிர்த்தன. அதே சிகாகோவின் இறைச்சிக்கூடத் தொழிலாளர் வாழ்வை 1906இல் ‘தி ஜங்கிள்’ என்ற நாவலாக்கிய சோசலிச எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர், இந்தச் செய்தியை விட்டுவைக்கவில்லை. அவருடைய நாவலில் லிதுவேனியாவிலிருந்து வந்த கூலிக் குடும்பத்தின் குழந்தை கிறிஸ்டோஃபோரசுக்கும் இதே இடுப்பு விலகல். குழந்தை இறந்துபோகிறது. பணக்காரர் வீட்டு மகளுக்காக வந்த மருத்துவர் ஏழைகளையும் பார்க்கிறார் என்ற சேதி அந்தத் தாய்க்கு எட்டவே இல்லை. எட்டியிருந்தாலும் அன்றாடம் போய்க் காத்திருக்க வண்டிச் சத்தமும் இல்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக ஓர் ஆளும் இல்லை என்கிறார் சின்க்ளேர். இலவசம் என்ற சொல்லுக்கும் ஏழையின் வாசலுக்கும் இடையே உள்ள தூரத்தை இதைவிடத் துல்லியமாக அளந்தவர் குறைவு.

சிகாகோவிலிருந்து பாராமதிக்கு வருவோம். பாராமதி, இந்தாபூர் வட்டாரங்கள் புனே மாவட்டத்தின் கரும்பு வயல். ஆண்டுதோறும் அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் பீட், ஜால்னா முதலிய வறண்ட மாவட்டங்களிலிருந்து பல லட்சம் வெட்டுத் தொழிலாளர்கள் இங்கும் மேற்கு மகாராஷ்டிரத்தின் பிற மாவட்டங்களுக்கும் வருகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் அரிவாள், மராத்தியில் ஒரு ‘கோய்தா’. ஆலையின் கணக்கில் இருவரும் ஓர் அலகு. முன்பணம் வாங்கியாயிற்று, ஒருநாள் வராவிட்டால் கூலியும் போகும், தண்டமும் ஏறும். அரவைப் பருவம் ஏறத்தாழ ஐந்தாறு மாதம். பாவ்லிக் வார் பயன்படும் காலமும் முதல் ஆறு மாதம். செப்டம்பரில் பிறந்த பெண் குழந்தை ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஊரின் செவிலியர் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறது, அவள் ஊரில் இல்லை. வயலோரக் கூடாரத்தில் அவள் இருக்கிறாள், அங்குள்ள பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. பருவம் முடிந்து வண்டி கட்டும்போது அவளுக்கு ஏழு மாதம். வாருக்கான காலம் ஆலையின் அரவையோடு சேர்ந்து கரும்புச் சக்கையாகிவிட்டது.

இந்தத் தொழிலாளர்களின் உடலைச் சந்தை எப்படி நடத்துகிறது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. பீட் மாவட்டத்தில் மாநில அரசே அமைத்த குழு 2019இல் ஆய்வுசெய்த சுமார் 82,000 வெட்டுத் தொழிலாளப் பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. தேவையான இடத்தில் வராத மருத்துவம், தேவையற்ற இடத்தில் கத்தியோடு வந்து நின்றது. தாய்க்குக் கருப்பை, மகளுக்கு இடுப்பு. இரண்டு கணக்கையும் எழுதியது ஒரே பேனா.

திட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2013 பிப்ரவரியில் இதே மகாராஷ்டிரத்தின் பால்கரில்தான் தேசியக் குழந்தைகள் உடல்நலத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பட்டியலில் உள்ள 30 நோய்நிலைகளில் இடுப்பு மூட்டுப் பிறழ்வும் ஒன்று. பிறவிக் குறைகள் என்று தனியே எண்ணப்பட்ட ஒன்பதில் அதற்கும் இடமுண்டு. தாளில் எல்லாம் இருக்கிறது. நடைமுறையில் சல்லடையின் ஓட்டையைப் பாருங்கள். மகப்பேறு நடந்த இடத்தில் ஒரு பரிசோதனை; பிறகு ஆறாவது வாரம் வரை ஆஷா ஊழியர் வீடு தேடிப் போகிறார். அதன்பின் ஆறு வயது வரை நடமாடும் மருத்துவக் குழு, ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும். மூன்று மாதக் குழந்தையை எந்தத் தாய் அங்கன்வாடிக்கு அனுப்புகிறாள்? கைப்பரிசோதனை சொல்லாமல் விட்டதைத் தொடையின் இறுக்கம் சொல்லத் தொடங்கும் அந்த மாதங்களில்தான் குழந்தை அரசின் கண்ணிலிருந்து மறைகிறது.

ஆஷாவின் மீது பழியைத் தூக்கிப் போடுவது அதிகாரிகளுக்குப் பழகிப்போன கலை. பிறந்த குழந்தைக்கான ஆறு வீட்டுச் சந்திப்புகளுக்கும் சேர்த்து அவருக்கு நிர்ணயிக்கப்பட்ட ஊக்கத்தொகை 250 ரூபாய். மூன்றாம் மாதத்திலிருந்து பதினைந்தாம் மாதம் வரை ஐந்து கூடுதல் சந்திப்புகளுக்கு, ஒன்றுக்கு 50 ரூபாய். 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் விருது வழங்கியபோது பிரதமர் முதல் அமைச்சர்கள் வரை வாழ்த்துச் சொன்னார்கள். தொழிலாளர் என்று அங்கீகரியுங்கள் என்ற 2013ஆம் ஆண்டின் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டுப் பரிந்துரையை மட்டும் எவரும் திறந்து பார்க்கவில்லை. 2023 இறுதியிலும் 2024 தொடக்கத்திலும் மகாராஷ்டிரத்தின் ஆஷா ஊழியர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கி, கொடுத்த வாக்கை அரசாணையாக்கவே மும்பை ஆசாத் மைதானத்தில் உட்கார வேண்டியிருந்தது. ஒர்தொலானி பரிசோதனையை ஆஷா செய்ய வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அது பயிற்சி பெற்ற மருத்துவரின், செவிலியரின் வேலை. பிட்டம் முன்வந்த பிரசவமா, அக்காளுக்கு இந்தக் குறை இருந்ததா, துணி மாற்றும்போது ஒரு கால் விரிய மறுக்கிறதா என்ற மூன்று கேள்விகளை ஆஷா கேட்க முடியும். கேட்டதற்குப் பின் அனுப்பிவைக்க ஓர் இடம் இருக்க வேண்டும். அங்கே பரிசோதிக்க ஒரு கை இருக்க வேண்டும். ஒப்பந்த ஊழியர்களைக் கொண்டு ஓட்டப்படும் திட்டத்தில் அந்தக் கைகள்தான் இல்லை.

தாய்மாரின் அறியாமை என்ற பாட்டு அடுத்தது. பச்சைக் குழந்தையின் கால்களை நேராக நீட்டித் துணியால் இறுகச் சுற்றுவது மூட்டுக்குக் கேடு என்பது உண்மை. மராத்தி வீடுகளில் துப்ட்டாவில் சுற்றும் வழக்கம் உண்டு. நம் பாட்டிமாரும் குளிப்பாட்டியபின் காலை நீவி நீட்டிவிடுகிறார்கள். ஆனால், ஜப்பானில் இதே வழக்கம் இருந்தபோது அங்கே தாய்மாரை ஏசிக்கொண்டிருக்கவில்லை. 1970களின் நடுவில், குழந்தையின் கால்களைத் தாமாக மடிந்து விரிய விடுங்கள் என்று நாடு தழுவிய பரப்புரை நடத்தினார்கள். நூற்றுக்கு ஒன்றுக்கும் மேலாக இருந்த இடுப்பு விலகல் ஆயிரத்துக்கு இரண்டுக்கும் கீழே இறங்கியது. சொல்ல வேண்டியதைச் சொன்னால் தாய்மார் கேட்பார்கள். மாறாக, நம் நாட்டுப் பெண்கள் குழந்தையை இடுப்பில் கால் விரித்துச் சுமப்பதால் இந்நோய் இங்கே அரிது என்று ஒரு சமாதானம் மருத்துவ வட்டாரங்களிலேயே உலவுகிறது. இடுப்பில் சுமப்பது நல்லதுதான். அதற்காகப் பண்பாட்டைப் பாராட்டிவிட்டுப் பரிசோதனையைக் கைவிடுவது, நடமாடும் ஆயிரக்கணக்கான சாட்சிகளைப் பார்க்க மறுப்பதாகும். சாய்ந்து நடக்கும் பெண்ணுக்கு இந்தச் சமூகம் வைக்கும் பெயரையும், திருமணச் சந்தையில் அவள் தந்தையிடம் கூடுதலாகக் கேட்கப்படும் விலையையும் நாம் அறிவோம். மகனுக்கென்றால் கடன் வாங்கியாவது புனேக்கு ஓடும் வீடு, மகளுக்கென்றால் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பதையும் அறிவோம்.

செய்ய முடியாத காரியமா இது? ஆஸ்திரியா 1992 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அல்ட்ராசவுண்ட் இடுப்புப் பரிசோதனையைத் தாய்-சேய் நலத் திட்டத்தின் பகுதியாக்கியது. பணக்கார நாடு என்பீர்கள். மங்கோலியா பணக்கார நாடன்று; சுவிட்சர்லாந்து மருத்துவர்களின் துணையோடு அங்கும் நாடு தழுவிய பரிசோதனை நடக்கிறது. இந்தியாவில் அவ்வளவுகூடக் கேட்கப்படவில்லை. பிறந்தவுடனும் தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு முறையும் கைப்பரிசோதனை, ஆபத்துக் காரணி உள்ளோருக்கு மட்டும் ஆறாவது வார ஸ்கேன் என்று நம் நாட்டுக் குழந்தைகள் எலும்பு மருத்துவர்களே ஒரு பாதையை வகுத்துத் தந்திருக்கிறார்கள். 6, 10, 14ஆவது வாரங்களில் தடுப்பூசிக்காகக் குழந்தை எப்படியும் வருகிறது. ஊசி போடும் அந்த மேசையிலேயே தொடையை விரித்துப் பார்க்கச் சில நிமிடம் போதும். இங்கே சிலர், கருவின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம்தான் கையடக்க ஸ்கேன் கருவிகளைத் தடுக்கிறது, அதைத் தளர்த்துங்கள் என்று கிளம்புகிறார்கள். 1988இல் மகாராஷ்டிரப் பெண்கள் இயக்கம் போராடி நாட்டிலேயே முதலாவதாகப் பெற்ற சட்டத்தின் வழிவந்தது அது. பதிவுபெற்ற அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் இடுப்பைப் பார்ப்பதை அது தடுக்கவில்லை. பெண் குழந்தையின் இடுப்பைச் சொல்லிப் பெண் குழந்தையின் பிறப்புரிமையில் கைவைக்க வேண்டாம்.

புனேயில் மருத்துவமனைக்குப் பஞ்சமில்லை. 1867 முதல் சசூன் மருத்துவமனை இருக்கிறது. ஔந்தில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. எலும்பு மருத்துவத்துக்கு நாடெங்கிலுமிருந்து பணம் படைத்தோர் இந்நகருக்கு வருகிறார்கள். அறக்கட்டளைச் சட்டத்தின் சலுகைகளை நுகரும் பெரிய மருத்துவமனைகள், 10 சதவீதப் படுக்கைகளை வறியோருக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தை நலிந்தோருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். வசூலில் 2 சதவீதத்தை வறிய நோயாளர் நிதியில் சேர்க்க வேண்டும். சட்டம் இப்படியிருக்க, அவற்றுள் ஒன்று இரட்டைக் குழந்தைகளைச் சுமந்து வந்த பெண்ணின் குடும்பத்திடம் 10 லட்சம் ரூபாய் முன்பணம் கேட்டது என்ற குற்றச்சாட்டும், அப்பெண் வேறிடத்தில் பிரசவித்து மாண்டதும் 2025 ஏப்ரலில் இந்நகரைக் கொந்தளிக்க வைத்தன. அந்த 2 சதவீத நிதியிலிருந்து எத்தனை குழந்தைகளுக்கு வார் வாங்கப்பட்டது என்று கேட்டு அறக்கட்டளை ஆணையருக்கு எழுதுவது கட்கி, பிம்ப்ரி பகுதிகளில் வாழும் நம் தமிழ்த் தோழர்களால் முடியும். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் அதே ஆறு மாதக் கணக்கில் கிடக்கும் கைக்குழந்தைகளைப் பற்றி அங்குள்ள தோழர்களும் கேட்கலாம்.

கரும்பு வெட்டுத் தொழிலாளருக்காகக் கோபிநாத் முண்டே பெயரில் ஒரு நலவாரியம் இருக்கிறது. அரைக்கப்படும் ஒவ்வொரு டன் கரும்புக்கும் ஆலைகள் 10 ரூபாய் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. 2022-23 பருவத்தில் மகாராஷ்டிர ஆலைகள் அரைத்தது 10 கோடி டன்னுக்கும் மேல். ஆலைகளின் பங்கு மட்டுமே 100 கோடி ரூபாயைத் தாண்டும். வயலோர முகாம்களில் வாரம் ஒருமுறை மருத்துவர், பரிசோதனைக்குக் குழந்தையைக் கொண்டுவரும் தாய்க்கு அன்றைய கூலி, தேவைப்படும் குழந்தைக்கு வார், ஊர் மாறினாலும் கூடவே செல்லும் ஓர் அட்டை: இவற்றுக்கு அதில் ஒரு சிறு துண்டு போதும். ஆலைகளுக்கு அரவை உரிமம் வழங்கும் சர்க்கரை ஆணையரின் அலுவலகம் புனே சிவாஜிநகரில் இருக்கிறது. விவசாயிக்குக் கரும்புப் பணம் பாக்கி வைத்த ஆலையின் உரிமத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. விவசாயிகள் போராடி அவரை அதைப் பயன்படுத்த வைத்திருக்கிறார்கள். முகாமில் எத்தனை கைக்குழந்தைகள், அவர்களுள் எத்தனை பேருக்கு இடுப்புப் பரிசோதனை நடந்தது என்ற இரண்டு வரிகளை உரிம விண்ணப்பத்தில் சேர்க்கக் கோரும் மனுவோடு, வெட்டுத் தொழிலாளர் சங்கமும் ஆஷா சங்கமும் அடுத்த அரவைக்கு முன்பாக அந்த வாசலில் சேர்ந்து நிற்க வேண்டும்.